அண்ணா கனடா போன பிறகு இறகு பிடுங்கும் சாம்பல் கிளி: நோயா, பிரிவா?

கேள்வி: கொக்குவில் தங்கை

வணக்கம். எங்கள் வீட்டில் ஆபிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று இருக்கிறது. கொழும்பில் கிளிகளைக் குஞ்சு பொரிக்கவைத்து விற்கும் ஒருவரிடமிருந்து அண்ணா அதனை வாங்கிவந்து, தன் கையாலேயே ஊட்டி வளர்த்தார். மணி என்று பெயர். இப்போது ஒன்பது வயது. இந்த ஆண்டின் தொடக்கத்தில் அண்ணா குடும்பத்துடன் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், வீட்டில் அம்மாவும் நானும் மணியும் மட்டுமே இருக்கிறோம்.

அண்ணா போன சில வாரங்களிலேயே அதன் போக்கு மாறிவிட்டது. மைம்மல் பொழுதானதும், விறாந்தையில் இருக்கும் கூட்டுக்குள் படலைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, காது கிழியக் கத்துகிறது. இடையிடையே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தத்தை அப்படியே எழுப்பிவிட்டு, அண்ணாவின் குரலில் "அம்மா, திறப்பு எங்கை?" என்று கேட்கிறது. அதைக் கேட்டால் அம்மா எழுந்து அறைக்குள் போய்விடுவார். நெஞ்சிலும் இறக்கைகளின் அடியிலும் இறகுகளைப் பிடுங்கிப் பிடுங்கி, தோல் தெரியும் அளவுக்கு ஆக்கிவிட்டது. தலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. சூரியகாந்தி விதை, கச்சான், கதலிப்பழம் இவற்றைத் தவிர வேறெதையும் தொடாது. என் கையைக் கடிக்கும். அம்மாவைக் கடிப்பதில்லை என்றாலும், அவருடைய கையில் ஏறுவதும் இல்லை.

வாட்ஸப்பில் அண்ணாவின் முகத்தைக் கண்டால் ஓடிவந்து சீட்டியடிக்கிறது. ஆனால் அழைப்பு முடிந்தவுடன் தொலைபேசியின் பின்பக்கத்தை எட்டி எட்டிப் பார்க்கிறது, அதன்பின் முன்னையைவிட மோசமாக இறகு பிடுங்குகிறது. எனவே அவரோடு பேச விடுவதா, விடாமலிருப்பதா என்று தெரியவில்லை. அயலவர் ஒருவர், பனைமரப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சொன்றைத் துணைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர், பாவம், கூட்டைத் திறந்து பறக்கவிட்டுவிடுங்கள் என்கிறார். அண்ணாவோ அதைக் கனடாவுக்கு அனுப்ப வழியுண்டா என்று கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அரியாலைக் கிளிக்காரர்

தங்கைக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக இதே இனத்தைச் சேர்ந்த கிளியை வளர்த்து வருபவன். நீங்கள் எழுதியவற்றுள் மிகவும் பயனுள்ள செய்தி, தலையில் குறையில்லை என்பதுதான். கிளியின் அலகு எட்டாத ஒரே இடம் அதன் தலை. தலை இறகும் சேர்ந்து உதிர்ந்திருந்தால் இறகையும் அலகையும் தாக்கும் வைரசு நோயையோ வேறு காரணத்தையோ முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கும். தலை முழுமையாக இருந்து நெஞ்சு மட்டும் வெறுமையானால், பிடுங்குவது அதன் அலகுதான் என்பது பெரும்பாலும் உறுதி. ஆனால் பிடுங்குவது அதுவே என்பதனால் காரணம் கவலை மட்டும்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தோலில் தொற்று, ஈரல் கோளாறு, ஊட்டக்குறைவு, நாகமுலாம் (துத்தநாகம்) பூசிய மலிவான கம்பியைக் கடித்து உடலில் நாகம் ஏறுதல் ஆகியவையும் அதே அடையாளத்தையே காட்டும். ஆகவே முதலில் வைத்தியர், பிறகு மற்றவை.

வைத்தியர் உடலில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அந்த மைம்மல் கத்தலைப் பற்றிச் சிந்திக்கலாம். கிளி கூட்டமாக வாழும் பறவை. காட்டில் விடியலிலும் இருட்டுக்கு முன்னும் ஒவ்வொன்றும் குரல் கொடுத்து, தன் கூட்டத்தார் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்கும். உங்கள் மணிக்கும் அந்தக் கணக்கெடுப்பு நேரம் வருகிறது, கணக்கில் ஒருவர் குறைகிறார். அது உங்களைத் தொந்தரவு செய்யக் கத்தவில்லை. யாரும் பதில் கொடுக்காததால்தான் கத்துகிறது. அதட்டுவதும் ஓடிப்போய்ப் பார்ப்பதும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் பதில்களே. கத்தினால்தான் பதில் வரும் என்று பழக்கிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு.

கத்தல் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே அம்மா கூட்டருகே வந்து ஒரு குறிப்பிட்ட சீட்டியையோ சொல்லையோ கொடுக்கட்டும். அது மெதுவான குரலில் திருப்பிக் கொடுத்தால் உடனே மறுபடி கொடுங்கள். அலறினால் ஒன்றும் சொல்லாமல் அங்கேயே உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்த மெல்லிய ஒலிக்குப் பதில் கொடுங்கள். அடுத்ததாக, கூட்டைப் படலை தெரியாத இடத்துக்கு மாற்றுங்கள். வருகிற போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அதற்கு ஓர் எதிர்பார்ப்பும் ஓர் ஏமாற்றமும் ஆகிவிடுகிறது. ஆளில்லாத பின்னறை வேண்டாம். சுவரோரமாக, பகலில் வீட்டார் புழங்கும் இடமாக இருக்க வேண்டும். இருட்டியபின் தொலைக்காட்சி வெளிச்சம் படாமல் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் அமைதியாக உறங்கவும் விடுங்கள். நிலநடுக்கோட்டுக் காடுகளிலிருந்து வந்த இனம் அது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேர இரவுக்கே பழகியது.

இறகு பிடுங்கும் அலகுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மைகளுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை, நம்முடைய ஊரில் பனையோலை இருக்கிறது. சாயம் போடாத சின்னக் குட்டான்களை வாங்கி, உள்ளே நாலு அவித்த கடலையையோ ஒரு துண்டு பூசணிக்காயையோ வைத்து, வாயை ஓலையால் இறுக்கிக் கட்டித் தொங்கவிடுங்கள். பனங்கட்டி வைத்த குட்டான் வேண்டாம், சீனிப்பிசுக்கு ஒட்டியிருக்கும். என்னுடைய கிளி குட்டானைக் கண்டால் முதலில் ஒரு காலால் பிடித்து முழுதும் திருப்பிப் பார்க்கும். பிறகு பின்னலின் முனை எங்கே முடிகிறதோ அந்த இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கிருந்துதான் உரிக்கத் தொடங்கும். பின்னியவரின் கைவேலையைப் பின்னாலிருந்து வாசிப்பது போலிருக்கும். ஒரு குட்டானில் காலைப்பொழுது போய்விடும். தும்புடன் கூடிய தேங்காய்ப் பொச்சு, சோளப்பொத்தி, முருங்கைக் கெட்டு ஆகியவையும் நல்லவை.

உங்கள் கையைக் கடிப்பது பற்றிக் கவலை வேண்டாம். கடிப்பதற்கு முன் அதன் கண்ணைப் பாருங்கள். கருமணி சுருங்கி விரிந்து சுருங்கினால், கழுத்து இறகும் எழுந்திருந்தால், அந்த நேரத்தில் கையை நீட்டக்கூடாது. மகிழ்ச்சியிலும் கருமணி அப்படித்தான் ஆடும் என்பதால், உடலின் மற்ற அடையாளங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பதில்: மிருக வைத்தியத் துறையில் இருப்பவர்

மேலே எழுதியவர் வைத்தியரை முதலில் வைத்தது சரி. யாழ்ப்பாணத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் ஆரம்பப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். இரத்தப் பரிசோதனையும் பறவைகளில் தேர்ந்தவர்களின் கருத்தும் தேவைப்பட்டால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துடன் இணைந்த போதனா வைத்தியசாலையைத் தொடர்புகொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது உணவு பற்றியது. சூரியகாந்தி விதையும் கச்சானும் கொழுப்பு நிறைந்தவை. கல்சியமும் விற்றமின் ஏயும் அவற்றில் மிகக் குறைவு. சாம்பல் கிளிகளுக்கு இரத்தத்தில் கல்சியம் குறைந்து வலிப்பு வருவது, மற்றக் கிளிகளைவிட அதிகமாக அறியப்பட்ட ஒன்று. விற்றமின் ஏ குறைந்தால் மூக்கும் மூச்சுக்குழலும் தோலும் கெடும், தோல் வரண்டு அரித்தால் இறகையும் பிடுங்கும். எனவே விதையை ஒரேயடியாக நிறுத்தாமல், காலைப் பசியில் முதலில் முருங்கையிலை, பப்பாப்பழம், அவித்த பூசணி, கரட், முளைவிட்ட பயறு ஆகியவற்றை வைத்து, விதையைப் பின்னேரத்துக்குத் தள்ளுங்கள். பட்டினி போட்டுப் பழக்கக்கூடாது. எடையைச் சிறிய தராசில் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். மிளகாய் கொடுக்கலாம், பறவைகளுக்கு அதன் உறைப்பு உறைக்காது. அவகாடோ, சொக்கிலேற்று, தேநீர், கோப்பி, உப்பிட்ட பண்டங்கள் அறவே கூடாது. அவகாடோவில் பறவையின் இதயத்தையே பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. காலை வெயிலில் கூட்டைச் சிறிது நேரம் நேரடியாக வையுங்கள், பாதிக்கூட்டுக்கு நிழலும் இருக்கட்டும். கல்சியத்தை உடல் ஏற்பதற்கு அந்த வெயில் உதவும், கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் உதவாது.

புகையையும் சொல்லியாக வேண்டும். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போன்றதன்று. காற்றுப்பைகளுடன் இணைந்து, உள்ளே வரும் காற்றிலிருந்து மிகத் திறமையாக ஒட்சிசனை எடுத்துக்கொள்வது. அதே திறமையோடு நஞ்சையும் எடுத்துக்கொள்ளும். நுளம்புத்திரி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, குசினி அடுப்புப் புகை எதுவும் கூடு இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. நொன்ஸ்டிக் தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறினால் அதிலிருந்து எழும் ஆவி, மணமே இல்லாமல், சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நம் காற்று வரண்டிருப்பதால், சிறிய தெளிகருவியால் வெறும் நீரைப் பகல் நேரத்தில் தூவிவிடுங்கள்; தோல் அரிப்புத் தணியும்.

அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறதா? சாம்பல் கிளிகளின் இறகிலிருந்து வெண்தூள் நிறையக் கொட்டும். இழுப்புள்ளவருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அத்துடன், கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பற்றீரியா நோய் ஒன்றும் உண்டு. உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணமாகக்கூடியதே. ஆனால் நீடித்த காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை வைத்தியரிடம் நீங்களே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் கேட்கமாட்டார்.

பதில்: பனங்கூடல்

கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த இனத்தைக் கூட்டில் வைத்து வளர்ப்பதையே நான் ஏற்பவன் அல்லன். மேற்கு, மத்திய ஆபிரிக்கக் காடுகளிலிருந்து இவற்றைப் பிடித்து விற்றதன் விளைவை உலகம் பார்த்துவிட்டது. கானாவில் மட்டும் 1992க்குப் பின் இவற்றின் தொகை 90 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் உடன்படிக்கை. 2016இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய அதன் உறுப்பு நாடுகள், இதை முதலாம் பின்னிணைப்பில் சேர்த்து, காட்டுப் பறவைகளின் வணிகத்தைத் தடைசெய்தன. உங்கள் மணி கூட்டில் பொரித்தது என்பதால் அந்தப் பழி உங்களைச் சேராது. ஆனாலும் பறக்கப் பிறந்த ஒன்று விறாந்தையில் படலையைப் பார்த்து நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படிச் சொல்லும் நானே, திறந்து விட்டுவிடுங்கள் என்ற அயலவரின் ஆலோசனையை முற்றாக மறுக்கிறேன். மனிதர் கையில் ஊட்டி வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பருந்தைக் கண்டு பதுங்கவும் தெரியாது. காகக் கூட்டம் ஒன்று போதும், அன்றைக்கே முடிந்துவிடும். விடுதலை என்ற பெயரில் செய்யும் கொலை அது.

பச்சைக்கிளிக் குஞ்சு யோசனை அதைவிடக் கேடானது. போரில் ஷெல் விழுந்து தலையிழந்த பனைகள் இன்னும் நம் ஊரில் ஆங்காங்கே நிற்கின்றன. அவற்றின் பொந்துகளில்தான் அந்தக் கிளிகள் முட்டையிடுகின்றன. பட்டுப்போன மரம் என்று நாம் தறித்துக்கொண்டிருப்பதால் பொந்துகளே குறைந்துவிட்ட நேரத்தில், இருக்கும் கூட்டையும் கலைப்பதா? வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேளாமல் காட்டுக் குஞ்சில் கைவைப்பது சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடலாம். புதிய பறவை நோயைக் கொண்டுவரலாம் என்பதை மேலே உள்ள வைத்தியர் இன்னும் நன்றாகச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, மணி தேடுவது இன்னொரு கிளியை அன்று, தன் ஆளை.

கொக்குவில் தங்கை

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு இழுப்பு இல்லை. கூட்டை இன்றே உள் மண்டபத்துக்கு மாற்றிவிட்டோம், நுளம்புத்திரியையும் நிறுத்திவிட்டோம். அண்ணாவின் அழைப்புப் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். அவர் வேலைக்குப் புறப்படும்போது அழைப்பார். ரொறன்ரோவில் காலை எட்டரை மணி என்றால் நமக்கு இப்போது மாலை ஆறு மணி. அதாவது மணி கத்தும் அதே நேரம். அம்மாவுக்கோ இன்னொரு கேள்வி. "திறப்பு எங்கை?" என்று கேட்கும்போது அது உண்மையாகவே அண்ணாவை நினைத்துத்தான் கேட்கிறதா, வெறும் ஒலியா?

பதில்: அரியாலைக் கிளிக்காரர்

நேரம்தான் பிரச்சினையின் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தை எண்ணிப் பார்க்கும் அதே பொழுதில் ஆளின் முகத்தையும் குரலையும் காட்டிவிட்டு, உடனே பறித்துக்கொள்கிறீர்கள். தொலைபேசியின் பின்னால் அது தேடுவது முட்டாள்தனத்தால் அன்று. குரல் கேட்டால் ஆள் அருகில் இருக்க வேண்டும் என்பது அதன் வாழ்நாள் அனுபவம். அண்ணாவை அவருடைய இரவு ஒன்பது, பத்து மணிக்கு அழைக்கச் சொல்லுங்கள். நமக்கு அது காலை, மணியும் தெம்பாக இருக்கும், நாள் முழுவதும் கவனத்தைத் திருப்ப நேரமும் இருக்கும்.

2023இல் அமெரிக்க, பிரித்தானியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டில் வளரும் 18 கிளிகளுக்கு ஒன்றையொன்று காணொளியில் அழைக்கப் பழக்கினார்கள். கிளி முதலில் ஓர் ஒலிமணியை அடிக்க வேண்டும், பின்னர் திரையில் தெரியும் படங்களுள் தான் விரும்பும் நண்பரைத் தொட வேண்டும். பயந்தாலோ ஆர்வம் இழந்தாலோ அழைப்பை நிறுத்திவிடுவார்கள். அங்கே பேசியவை கிளியும் கிளியும், இங்கே கிளியும் மனிதரும் என்ற வேறுபாடு உண்டு. இருந்தாலும் எனக்கு அதில் பிடித்தது, தெரிவு கிளியிடம் இருந்ததுதான். நீங்களும் கூட்டருகே சிறிய ஒலிமணியொன்றைக் கட்டி, கிளி அதை அடித்தால் மட்டும் அழையுங்கள். சுருக்கமாக முடியுங்கள். அண்ணா ஒவ்வொரு முறையும் விடைபெறும்போது ஒரே சொல்லைச் சொல்லட்டும், திரை அணைந்த கையோடு அம்மா குட்டானைத் தொங்கவிடட்டும். சில வாரங்கள் பார்த்தும் பிடுங்கல் கூடிக்கொண்டே போனால், அழைப்பை நிறுத்திவைக்க நான் தயங்கமாட்டேன். அண்ணாவுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இது அவருடைய ஆறுதலுக்கான ஏற்பாடு அன்று.

அம்மாவின் கேள்விக்கு நேர்மையான விடை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சாம்பல் கிளிகள் ஒலியை அது நிகழும் சூழலோடு சேர்த்தே கற்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பேர்க் 1977 முதல் வளர்த்துப் பயிற்றிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007இல் இறப்பதற்குள் ஏறத்தாழ ஐம்பது பொருள்களைப் பெயர் சொல்லவும், நிறங்களையும் வடிவங்களையும் பிரித்தறியவும், ஆறு வரை எண்ணவும் கற்றிருந்தது. கூட்டுக்குத் திரும்ப வேண்டுமென்று ஆங்கிலத்தில் கேட்கும். வேறெங்காவது கொண்டுபோனால் மறுபடியும் அதையே கேட்கும். அந்த அளவு பயிற்சி மணிக்கு இல்லை. ஆகவே "திறப்பு" என்றால் என்னவென்று அதற்குத் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருட்டுகிற நேரம், வண்டிச் சத்தம், அந்தக் குரல், அதன் பிறகு கூட்டைத் திறக்க வரும் ஆள் என்ற தொடர் அதற்கு நன்றாகத் தெரியும். தொடரின் முற்பகுதியைத் தானே நடத்திக் காட்டினால் பிற்பகுதி வந்துவிடும் என்று அது எதிர்பார்க்கிறது என்றே நான் கருதுகிறேன். அம்மா எழுந்துபோகாமல், அந்தக் கேள்விக்கு வழக்கமாக அண்ணாவுக்குச் சொல்லும் பதிலையே சொல்லிப் பார்க்கட்டும். அவருக்கு முதலில் கடினமாக இருக்கும்.

கையில் ஏறாதது பற்றி: அம்மா எதையும் வற்புறுத்தாமல், அதற்கு மிகப் பிடித்த கச்சானைத் தன் விரலில் இருந்து மட்டும் கொடுத்துவரட்டும், கிண்ணத்தில் போடவே வேண்டாம். நீங்களும் ஒதுங்கிவிடக்கூடாது. நல்ல பராமரிப்பில் இவை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். அம்மாவோடு மட்டும் ஒட்டவைத்தால், இதே கேள்வியை ஒரு காலத்தில் நீங்கள் மறுபடி கேட்க நேரும்.

பதில்: ஸ்காபரோ வாசகர்

கனடாவுக்கு அனுப்புவது பற்றி மட்டும். முதலாம் பின்னிணைப்பிலுள்ள இனம் என்பதால், கனடாவின் இறக்குமதி அனுமதியும் இலங்கையின் ஏற்றுமதி அனுமதியும் இரண்டுமே வேண்டும். இறக்குமதி அனுமதி கிடைத்த பிறகுதான் மற்றது வழங்கப்படும். கிளி சட்டபூர்வமாகக் கூட்டில் பொரித்தது என்பதற்கு ஆவணம் இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே நின்றுவிடும், எனவே கொழும்பில் விற்றவரிடம் அதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மேல் பறவைக் காய்ச்சல் தொடர்பான சுகாதார நிபந்தனைகளும் உண்டு. இவ்வளவும் முடிந்து வந்தாலும், அண்ணா பகல் முழுவதும் வேலைக்குப் போய்விடும் அடுக்குமாடி வீட்டில், குளிர்கால மாதங்கள் முழுவதும் மூடிய யன்னலுக்குள் அது தனியே இருக்கும். நான் அவருடைய இடத்தில் இருந்தால் அனுப்பச் சொல்லமாட்டேன்.

கொக்குவில் தங்கை

அண்ணாவிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். அனுப்பும் பேச்சை விட்டுவிட்டார், இனிக் காலையில் அழைப்பதாகவும் சொன்னார். இங்குள்ள வைத்தியர் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்குப் பேராதனைக்குக் கொண்டுபோவது நல்லது என்கிறார். ஏ9 வீதியில் கண்டிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வாகனத்தில் எப்படிக் கொண்டுபோவது?

பதில்: மிருக வைத்தியத் துறையில் இருப்பவர்

பெரிய கூட்டோடு கொண்டுபோக வேண்டாம், குலுக்கத்தில் இறக்கை அடிபடும். பூனைகளைக் கொண்டுபோகும் கெட்டியான பெட்டி போதும். உள்ளே தாழ்வாக ஒரு தடியைப் பொருத்தி, அடியில் துவாய் விரித்துவிடுங்கள். சில நாள்கள் முன்னதாகவே பெட்டியை மண்டபத்தில் திறந்து வைத்து, அதற்குள் கச்சானைப் போட்டுப் பழக்குங்கள். நீர்க்கிண்ணம் கவிழும் என்பதால் வத்தகப்பழத் துண்டும் தோடம்பழச் சுளையும் வையுங்கள், வண்டியை நிறுத்தும் இடங்களில் நீர் காட்டுங்கள். மூன்று பக்கத்தை மெல்லிய துணியால் மூடி, அம்மாவின் பக்கத்தை மட்டும் திறந்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் வவுனியாவைத் தாண்டிவிடும்படி அதிகாலையில் புறப்படுங்கள். மூடிய வாகனத்தில் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்து, பறவைகளைப் பார்க்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் அன்று காலை பெட்டிக்குள் வெள்ளைக் கடதாசியை விரித்து, எச்சம் விழுந்ததும் அதை மடித்துப் பொலித்தீன் பையில் இட்டுக் கொண்டுபோங்கள். பிடுங்கிய இறகுகளிலும் சிலவற்றை, அடிக்குருத்து முறியாதவையாகப் பார்த்து, தனி உறையில் வையுங்கள்.